மோட்டார் சைக்கிள் விபத்தும் தற்காப்பும்

இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தை நகரில் காலைப் பொழுதில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தப்பாது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பஸ் வண்டிகளுக்கும் லொறிகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவே, மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக விரைந்து செல்லும். ஒன்றில் கடைக்குச் செல்லும் இளைஞர். மற்றொன்றில் மனைவியைத் தொழிற்சாலை வாயிலில் இறக்கிவிடச் செல்லும் கணவர். பிறிதொன்றில் பள்ளிச் சீருடை அணிந்த சிறுமியைப் பின்னால் ஏற்றிச் செல்லும் தந்தை. தேயிலை மலைகளிலும் இறப்பர்க் காடுகளிலுமிருந்து இறங்கிவரும் சிறு வழிகள் யாவும் இந்தப் பெருவீதியில் வந்து சேருகின்றன.

ஒரு தலைமுறைக்கு முன்னர் தோட்டத்து மக்கள் நகருக்கு வரவேண்டுமெனின் கால்நடையாகவே மலையிறங்க வேண்டியிருந்தது. நோயாளியைத் தூக்கிச் செல்லவும், பிள்ளைகளை மேல்வகுப்புக்கு அனுப்பவும் பட்ட இன்னல்களை மூத்தோர் இன்றும் எடுத்துரைப்பர். அந்த இன்னலைப் பெரிதும் குறைத்த வாகனம் மோட்டார் சைக்கிளே. மோட்டார் வண்டி வாங்கும் வசதியற்ற குடும்பமும் தவணைமுறையிற் பணம் செலுத்தி இதனை வாங்கிக்கொள்ளலாம். பெரிய வண்டிகள் ஏறமாட்டாத லயத்து வாசல்வரை இது ஏறிச்செல்லும். இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே என்பது வியப்பன்று.

ஆயினும் இந்த நண்பனிடம் ஒரு குறை உண்டு. தன்மேல் அமர்ந்தவரைச் சுற்றி இதற்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, இருக்கைப் பட்டியும் இல்லை. மோட்டார் வண்டி மோதினால் முதலில் நசுங்குவது அதன் இரும்புத் தகடு. மோட்டார் சைக்கிள் மோதினால் முதலில் நசுங்குவது மனிதனின் உடல். உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் வீதி விபத்துகளில் மாண்டவர்கள் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் பத்தில் மூவர் இரு சக்கர, முச்சக்கர மோட்டார் வாகனங்களிற் சென்றவர்கள்.

வேகம் என்பது யாது?

வேகத்தின் வலிமையை அறிய எளிய வழியொன்று உண்டு. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர் ஒரு மதிலில் மோதுவாராயின், அவர் உடல் பெறும் அடி, ஏறக்குறைய 6 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் வீழ்ந்தால் ஏற்படும் அடிக்கு ஒப்பானது. அது மாடி வீட்டின் கூரையிலிருந்து விழுவது போன்றது. வேகம் 60 கிலோமீற்றர் ஆகுமாயின், அந்த உயரம் 14 மீற்றர் ஆகிவிடுகிறது. அஃதாவது, வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது அடியின் வலிமை இரண்டே கால் மடங்காகிவிடுகிறது. மாடிக் கூரையின் விளிம்பில் நடக்கச் சொன்னால் எவரும் அஞ்சுவர். அதே ஆபத்தை இருக்கையில் அமர்ந்தபடி தினந்தோறும் ஏற்றுக்கொள்பவர் அஞ்சுவதில்லை. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது; வேகம் அவ்வாறு தெரிவதில்லை.

உடலில் எங்கே அடிபடும்?

மோட்டார் சைக்கிள் விபத்தில் மிகுதியாகக் காயமுறும் உறுப்பு கால். வண்டி சரியும்போது அதன் பாரம் முழுவதும் ஒரு காலின்மீது வீழ்கிறது. முழங்காலுக்குக் கீழேயுள்ள முன்னெலும்பின்மேல் தசை இல்லை. தோல் மாத்திரமே உண்டு. ஆதலின் அந்த எலும்பு முறிந்தால் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருதல் எளிது. அவ்வாறு வெளிவந்த எலும்பிற் சேறும் மண்ணும் படுமாயின் கிருமிகள் புகுந்து, குணமடையப் பல மாதங்கள் செல்லும். மேசைமுன் அமர்ந்து தொழில் புரிபவர்க்கு இது பெருந்துன்பம். கொழுந்துக் கூடையுடன் சரிவில் ஏறி இறங்க வேண்டியவர்க்கோ இது வாழ்க்கைப் பிரச்சினை.

அடுத்தது தோள். தலை ஒருபுறமும் தோள் மறுபுறமுமாக இழுபட்டு வீழும்போது, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதி அறுந்துபோதல் உண்டு. எலும்பு முறியாமலே கை உணர்வற்றுத் தொங்கிவிடும். இறப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் தொழிலாளிக்குக் கை போனால் தொழிலும் போயிற்று.

இவற்றோடு முள்ளந்தண்டு முறிவு, இடுப்பெலும்பு முறிவு, வயிற்றினுள்ளே ஈரலும் மண்ணீரலும் கிழிதல், வீதியில் உராய்ந்து தோல் உரிதல், சூடேறிய புகைக்குழாய் பட்டுக் கெண்டைக்கால் வெந்துபோதல் ஆகியனவும் உண்டு. எனினும், உயிரைப் பறிப்பதில் முதலிடம் வகிப்பது தலைக்காயமே. முறிந்த கால் கூடும். உரிந்த தோல் வளரும். சிதைந்த மூளை மீண்டும் முளைப்பதில்லை. உயிர் தப்பியவரும் பேச்சையோ நினைவையோ நடையையோ இழந்து, பிறர் கையை நோக்கி வாழ நேரிடும். அந்நிலையில் வீட்டின் உழைப்பாளி ஒருவர் குறைகிறார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக இன்னொருவர் வேலைக்குச் செல்வதும் நின்றுபோகிறது.

ஒரு மரணம் புகட்டிய பாடம்

தலைக்கவசத்தின் வரலாறு ஒரு மனிதரின் மரணத்தோடு தொடர்புடையது. ‘அரேபியாவின் லோறன்ஸ்’ எனப் பெயர்பெற்ற தோமஸ் எட்வர்ட் லோறன்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தார். துவிச்சக்கர வண்டிகளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். தலையிற் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, 19ஆம் திகதி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 46.

அவருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்ட வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கெயான்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அவுஸ்திரேலியாவிற் பிறந்து ஒக்ஸ்போட்டிற் பணிபுரிந்தவர். இரண்டாம் உலகப் போர் மூண்டபின் இராணுவச் செய்திகளைக் கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் பலர் தலை உடைந்து அவரிடம் கொண்டுவரப்பட்டனர். அவர் காயங்களுக்கு மருந்திடுவதோடு நின்றுவிடவில்லை, கணக்கும் எடுத்தார். 1941ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் பின்னிருந்தோருமாக 2,279 பேர் மாண்டனர் எனக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரில், பணியில் இருக்கும் மோட்டார் சைக்கிள் வீரர் யாவரும் தலைக்கவசம் அணியவேண்டுமெனப் பிரித்தானிய இராணுவம் கட்டளையிட்டது. அதன்பின் மரணங்கள் குறைந்து சென்றதை 1946ஆம் ஆண்டில் கெயான்ஸ் மற்றொரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார்.

அவரோடு ஒக்ஸ்போட்டிற் பணியாற்றிய ஹோல்போன் என்னும் பௌதிக அறிஞர், மண்டையோட்டின் வடிவில் அமைத்த அச்சினுள் ஜெலற்றின் கூழை இட்டு, அதனைத் திருகி ஆராய்ந்தார். மூளை ஏறக்குறைய 1,400 கிராம் நிறையுள்ள, கூழ்போன்ற மென்மையான உறுப்பு. மண்டையோடு திடீரென நிற்கும்போதும் சுழலும்போதும், உள்ளேயிருக்கும் மூளை உடனே நிற்பதில்லை. அது குலுங்கித் திருகி, எலும்பின் உட்புறத்தில் மோதி, தன் இழைகளையே அறுத்துக்கொள்கிறது. வெளியே ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் உள்ளே உயிராபத்து நேரிடலாம் என்பது இதனால் விளங்கும்.

தலைக்கவசம் செய்யும் வேலை

தலைக்கவசத்தின் வெளியோடு கடினமானது. அது அடியை ஒரே புள்ளியில் நிற்கவிடாது பரந்த இடத்துக்குப் பகிர்ந்துவிடுகிறது. உள்ளேயுள்ள தடித்த நுரைப்பஞ்சு, தான் நசுங்கி, தலை நிற்பதற்கு எடுக்கும் நேரத்தைச் சிறிது நீட்டுகிறது. வினாடியின் மிகச் சிறு பகுதியே அவ்வாறு நீளுகிறது. எனினும் அந்தச் சிறு பகுதியே உயிருக்கும் மரணத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடாகிறது. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டில் வெளியான கொக்றேன் மதிப்பாய்வு ஒன்று, தலைக்கவசம் விபத்துக்குள்ளானோரின் மரண அபாயத்தை 42 வீதத்தாலும், தலைக்காய அபாயத்தை 69 வீதத்தாலும் குறைக்கிறது எனக் கண்டது.

இதன் வேலையை அறிந்தால் இதனைப் பேணும் முறையும் தானே விளங்கும். முதலாவது, நாடியின் கீழுள்ள பட்டியை இறுக மாட்ட வேண்டும். பட்டி மாட்டாத கவசம் முதல் அடியிலேயே பறந்துவிடும். தலை நிலத்திற் படும்போது கவசம் வேறிடத்திற் கிடக்கும். இரண்டாவது, அது தலைக்கு அளவாக இருத்தல் வேண்டும். பட்டியை மாட்டியபின் பின்புறத்திலிருந்து முன்னே தள்ளிப் பார்த்தால் கழன்று வரலாகாது. மூன்றாவது, ஒருமுறை பலத்த அடி தாங்கிய கவசத்தின் நுரை நசுங்கியிருக்கும்; வெளியே பழுது தெரியாவிடினும் அதனை மாற்றிவிட வேண்டும். நான்காவது, வாங்கும்போது மலிவை மாத்திரம் நோக்காது, இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் முத்திரை போன்ற தரச்சான்று உண்டா எனப் பார்த்தல் நன்று.

கிட்டத்தானே என்னும் நினைப்பு

தோட்டப் பகுதிகளிற் கேட்கப்படும் காரணங்கள் சில உண்டு. “நகருக்குப் போகும்போது போட்டுக்கொள்வேன், இது தோட்டத்துப் பாதைதானே” என்பர் சிலர். “பொலிஸார் நிற்கும் இடத்துக்குக் கிட்டப் போய் மாட்டிக்கொள்ளலாம்” என்பர் வேறு சிலர். கவசத்தை முழங்கையில் வளையல்போல் மாட்டிக்கொண்டு போவோரும் உண்டு.

இந்த நினைப்பே பெரும் பகை. பொலிஸார் நிற்பது ஒரு சந்தியில். விபத்து காத்திருப்பதோ எல்லா இடத்திலும். தோட்டத்துப் பாதையில் பரல் கற்கள் உண்டு. மழை அரித்த குழிகள் உண்டு. வளைவுக்கு அப்பால் கொழுந்து லொறி வருவதைத் தேயிலைச் சரிவு மறைத்துவிடும். நாய் குறுக்கே பாயும். வேகம் குறைவாயினும், தலை சென்று மோதுவது பாறையிலோ கல்மதிலிலோ ஆயின் விளைவு கொடிதே. நின்ற நிலையிலிருந்து வீழ்ந்து மண்டை உடைந்தவர்களும் உண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தலைக்கவசத்தைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியதில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உலகில் முதன்மை பெற்றது, ஆண்டு 1961. பிரித்தானியா 1973ஆம் ஆண்டில் அவ்வழிச் சென்றது. வியட்நாமில் 2007ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி, எல்லா வீதிகளிலும் ஓட்டுநரும் பின்னிருப்பவரும் கவசம் அணியவேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மூன்று மாதங்களில், ஆராயப்பட்ட வைத்தியசாலைகளில் வீதி விபத்துத் தலைக்காய அபாயம் 16 வீதமும் மரண அபாயம் 18 வீதமும் குறைந்தன. இலங்கையிலும் சட்டம் உண்டு. அது ஓட்டுநருக்கு மாத்திரமன்றிப் பின்னிருப்பவர்க்கும் உரியது. எனினும் சட்டத்துக்கு அஞ்சி அணிவது ஒன்று. உயிரை எண்ணி அணிவது வேறொன்று. முன்னையது சந்தியோடு முடிந்துவிடும். பின்னையது லயத்து வாசலிலேயே தொடங்கும்.

விபத்தை விலக்கும் வழிகள்

கவசம் அடியைத் தாங்குமேயன்றி விபத்தைத் தடுப்பதில்லை. விபத்தைத் தடுப்பது ஓட்டுநரின் நிதானமே. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர், இடரைக் கண்டு பிறேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு வினாடி கழிகிறது. அந்த ஒரு வினாடியில் வண்டி 11 மீற்றர் முன்னே சென்றுவிடும். அதன் பின்னரே அது நிற்கத் தொடங்கும். வீதி ஈரமாயின் நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

இரத்தினபுரிப் பிரதேசம் இலங்கையின் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. வெயில் காய்ந்தபின் பெய்யும் முதல் மழையில், வீதியிற் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். அப்போது வளைவினுள் நுழைந்தபின் பிறேக் பிடிப்பது ஆபத்து. வளைவுக்கு முன்னரே, வண்டி நிமிர்ந்திருக்கும்போது, முன் பின் பிறேக்குகள் இரண்டையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மலையிறங்கும்போது பெற்றோலை மிச்சப்படுத்த எண்ணி, எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு செய்தால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் உதவி இல்லாதொழியும். பாரம் முழுவதும் பிறேக்கின்மேல் வீழ்ந்து, அது சூடேறி வலுவிழக்கும். மிச்சமாகும் பெற்றோலின் விலை ஒரு தேநீரின் விலையளவாகலாம். அதற்கு உயிரைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் தகாது.

வண்டி பிறர் கண்ணுக்குப் புலப்படுதலும் காவலே. மலேசியாவில் 1992ஆம் ஆண்டில், பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிடும்படி மக்களைத் தூண்டினர். அதன்பின், பிறர் கண்ணிற் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய 29 வீதம் குறைந்தன என ஆய்வாளர் கணித்தனர். மூடுபனியும் மழையும் நிழலும் நிறைந்த மலைவீதிக்கு இந்த அறிவுரை மிகவும் பொருந்தும்.

ஒரு வண்டியில் ஓட்டுநரும் பின்னே ஒருவருமாக இருவரே செல்லலாம் என்பது விதி. பெற்றோல் தாங்கியின்மேல் குழந்தையை இருத்திச் செல்லும் தந்தை, தம் கைகளுக்குள் குழந்தை பத்திரமாக இருப்பதாக எண்ணுகிறார். வண்டி மோதும் கணத்திலோ, அவர் உடலின் பாரமே குழந்தையைக் கைப்பிடியோடு நசுக்கிவிடும். சேலை அணிந்து பின்னிருக்கும் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்திற் சிக்குமாயின் கழுத்து இறுகி உயிராபத்து நேரிடும். சக்கரத்தின் அருகே சேலைக் காப்பு வலை பொருத்துதல் நன்று. செருப்பைக் காட்டிலும் மூடிய சப்பாத்து கணுக்காலைக் காக்கும். மது அருந்தியவர் வண்டியைத் தொடலாகாது. திருவிழாவிலும் சம்பளத்தன்றும் இதனை எடுத்துச்சொல்லும் துணிவு நண்பர்களுக்கு வேண்டும்.

விபத்து நேர்ந்தபின்

வீதியில் ஒருவர் வீழ்ந்து கிடந்தால், கூடியவர்கள் அன்பினாற் செய்யும் செயல்களே சில வேளை தீங்காகின்றன. கையையும் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டியினுள் மடக்கி அமர்த்துதல் தவறு. கழுத்தெலும்பு முறிந்திருக்குமாயின், அந்த அசைவிலேயே முள்ளந்தண்டு நரம்பு அறுந்து, கைகால்கள் நிலையாகச் செயலிழந்துவிடக்கூடும். வேறு வாகனங்களால் ஆபத்து இல்லையாயின், அவரை அங்கேயே கிடக்கவிட்டுத் தலையும் கழுத்தும் அசையாது இருபுறமும் கைகளாற் பற்றிக்கொள்ள வேண்டும். கவசத்தைப் பிடித்து இழுத்தல் ஆகாது. மூச்சு விடுவதற்குத் தடையாயிருந்தால் மாத்திரம், ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றொருவர் மெல்ல அகற்றலாம். இரத்தம் பெருகும் இடத்திற் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கோப்பித்தூள், சுண்ணாம்பு முதலியவற்றைக் காயத்திற் பூசலாகாது. நினைவிழந்தவர் வாயில் நீரோ சோடாவோ ஊற்றினால் அது மூச்சுக்குழலிற் சென்றுவிடும்.

உதவிக்கு அழைக்கவேண்டிய இலக்கம் 1990. சுவசெரிய என்னும் இந்த இலவச அம்பியூலன்ஸ் சேவை 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிவடைந்தது. இந்த இலக்கத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் யாவரும் மனப்பாடம் செய்தல் வேண்டும்.

இறுதியாக, எவரும் மறக்கலாகாத ஒன்று உண்டு. இளைஞர் ஒருவர் தோட்டத்துப் பாதையில் வீழ்ந்து, சிறிது மயங்கி எழுகிறார் என வைத்துக்கொள்ளலாம். “ஒன்றுமில்லை” என்கிறார், சிரித்துப் பேசுகிறார், வீட்டுக்குச் சென்று தேநீர் அருந்திப் படுத்துக்கொள்கிறார். வீட்டாரும் களைப்பு என எண்ணி எழுப்பாது விடுகின்றனர். ஆனால் நெற்றிப்பொட்டின் அருகே எலும்பு வெடித்து, அதன் உட்புறத்து இரத்தக்குழாய் கிழிந்திருக்குமாயின், மண்டையினுள்ளே இரத்தம் துளித்துளியாகத் தேங்கி மூளையை நெருக்கும். சில மணி நேரத்தில் அந்தத் தூக்கமே மீளாத் தூக்கம் ஆகிவிடக்கூடும். காலத்தில் வைத்தியசாலையை அடைந்தால், சத்திரசிகிச்சையால் அந்த இரத்தத்தை அகற்றி உயிரைக் காக்க முடியும்.

ஆகவே தலையில் அடிபட்டுச் சிறிது நேரமேனும் நினைவிழந்தவர் எவரையும், அவர் எத்துணை நன்றாகப் பேசினும், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிவரும் தலைவலி, அளவுக்கு மீறிய உறக்கம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மற்றையதைவிடப் பெரிதாதல், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், ஒருபுறக் கைகால் சோர்தல் ஆகியன ஆபத்தின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது.

வைத்தியர் தம் கடமையைச் செய்வர். அம்பியூலன்ஸ் விரைந்து வரும். ஆயினும் அவர்கள் யாவரும் அடிபட்டபின் வருபவர்களே. அடிபடுமுன் காக்கக்கூடியவர் வண்டியில் ஏறுபவர் ஒருவரே. வாசலில் நின்று கவசத்தைத் தலையில் வைத்துப் பட்டியை மாட்ட அரை நிமிடம் போதும். கணவர் மறந்தால் மனைவியும், தந்தை மறந்தால் மகளும் அதை நினைவூட்டலாம். மாலையில் அந்த வண்டி மீண்டும் மலையேறி வரும் ஓசைக்காகக் காத்திருப்பவர்கள் அவர்களே அன்றோ?